பதினான்கு குரல்களுக்கு எழுதுவோர் யார்?

‘பாடத் தெரியாதவர்களுக்கென்று இசையமைப்பது இசையைப் படியிறக்குவதாகும்’ என்று இசைப் புலமை மிக்க அன்பர் ஒருவர் என்னிடம் கூறினார். ஒரு கிறிஸ்துமஸ் நாள் காலை. ஆராதனை முடிந்து ஆலய வாயிலில் கேக்கும் தேநீரும் வழங்கிக்கொண்டிருந்த நேரம். உள்ளே அரைமணி நேரத்திற்கு முன்னர் நிகழ்ந்த விபத்தொன்றைப் பற்றியே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். விபத்து என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தே இடுகிறேன். விந்தியத்துக்கு வடக்கே தமிழ்க் குடும்பங்கள் கூடி வழிபடும் சிறியதொரு சபையின் பாடகர் குழு அது. மொத்தம் 14 பேர். அப்பதினால்வரும் ஹேண்டலின் ‘மெசாயா’விலுள்ள அல்லேலூயா கோரஸைத் தமிழ்ச் சொற்களோடு பாடத் தொடங்கினர். நடுவழியில் குரல்கள் ஒன்றையொன்று தவறவிட்டன. இறுதியில் ஆர்கன் மட்டும் தனித்து ஓடி முடித்தது. டெனர் பகுதிக்கு இருந்தவர் இருவர். ஒருவருக்குச் சளி. மற்றவர் உச்சச் சுரத்தை எட்டுவதற்காகக் கழுத்தை நீட்டி நின்ற கோலம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அன்று பாஸ் குரலில் பாடியவருள் ஒருவர், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். முப்பது ஆண்டுகளாகக் குழுவில் இருப்பவர். ஆராதனை முடிந்ததும் பாட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, “தம்பி, இனிமே நான் கீழே சபையாரோட உக்காந்துக்கிறேன். என்னால உங்களுக்கெல்லாம் தொந்தரவு வேண்டாம்” என்றார். தம்மால் பாட்டுக் கெட்டது என்று அவர் நம்பினார். அவரால் கெடவில்லை. அப்பாடலைத் தேர்ந்தெடுத்தவர்களுள் நானும் ஒருவன், கெடுத்தவன் நான். என் வழக்கு இதுதான்: எளிய பாடகர் குழுக்கள் தடுமாறும்போது குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் பாடுவோர் அல்லர். அவர்களுக்கு ஏற்றதை எழுதாத இசையமைப்பாளரும், ஏலாததை எடுத்துக் கொடுக்கும் குழுத் தலைவருமே அங்கு நிற்க வேண்டியவர்கள்.

ஹேண்டல் அவ்விசையை யாருக்காக எழுதினார் என்பதை நாம் கேட்பதே இல்லை. 1742ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் டப்ளின் நகரில் ‘மெசாயா’ அரங்கேறியபோது கோரஸ்களைப் பாடியவர்கள் அந்நகரின் இரு பேராலயங்களைச் சேர்ந்த பாடகர்கள். பாடுவதையே கடமையாகக் கொண்டவர்கள். ‘பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் அதே இசையைப் பாடினார்களே’ என்று ஒருவர் மறுக்கக் கூடும். பாடினார்கள், மெய்தான். ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் பாடகர் சங்கம் 1836இல் தோன்றி அப்புகழை இன்றளவும் சுமந்து நிற்கிறது. ஆனால் அத்தகைய சங்கங்கள் பெருங்கூட்டமாக நின்று பாடியவை. ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பாடிக்கொண்டிருப்பார். ஒருவர் சுருதி பிசகினால் இருபது பேர் அதை மூடிவிடுவர். ஊர்கூடித் தேரிழுப்பது போன்றது அது. பதினான்கு பேர் போய் வடத்தைப் பிடித்தால் தேர் நகராதது மட்டுமன்று, வடம் கையையும் அறுக்கும்.

அத்தொழிலாளருக்குப் படிக்கட்டுக் கட்டிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். ஜான் கர்வென் (1816–1880) என்னும் போதகர், நாரிச் நகரத்துச் சாரா குளோவர் அம்மையார் வகுத்த முறையைத் தழுவிச் செப்பனிட்டு, டானிக் சோல்ஃபா என்னும் எழுத்துக்குறி முறையைப் பரப்பினார். ஐங்கோட்டுக் குறிப்பைக் கண்டு மருள்வோரும் அவ்வெழுத்துகளைக் கொண்டு தத்தம் பகுதியைப் பாடலாயினர். மிஷனரிமார் வழியே அம்முறை திருநெல்வேலிச் சீமை வரைக்கும் வந்தது. ஆதார சட்ஜத்தை எங்கு வைத்தாலும் சரிகம மாறாதிருக்கும் நம் முறைக்கு அது நெருங்கிய உறவு. ஆதலின் நம்மவர்க்கு அது வேற்று வித்தையாகத் தோன்றவில்லை. கர்வெனை ‘இசையைப் படியிறக்கியவர்’ என்று இன்று எவரும் ஏசுவதில்லை. படிக்கட்டுக் கட்டுவதற்கும் மாடியை இடிப்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

இனி, எளியோர்க்கு எழுதுவது தாழ்ந்த பணி என்னும் அன்பரின் கருத்தை எடுத்துக்கொள்வோம். 1791ஆம் ஆண்டு ஜூன் மாதம், வியன்னாவை அடுத்த பாடன் என்னும் சிற்றூரில் மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்சே நீர்ச்சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். அவ்வூர்க் கோயிலின் பாடகர் குழுவை நடத்தியவர் ஆன்டன் ஸ்டோல் என்னும் பள்ளி ஆசிரியர். அந்தச் சிற்றூர்க் குழுவுக்காக மொசார்ட் எழுதிக் கொடுத்ததே ‘ஆவே வெரும் கார்ப்புஸ்’. மொத்தம் 46 தாளக்கட்டுகள். பாடி முடிக்க மூன்று நான்கு நிமிடங்கள். நான்கு குரல்களில் எந்தக் குரலையும் அதன் எல்லைக்கு விரட்டாத நடை. எப்படிப் பாட வேண்டும் என்பதற்கு அவர் இட்ட குறிப்பு, அடங்கிய குரலில் என்பது மட்டுமே. பெரும்பகுதி நால்வரும் ஒன்றாகவே அடியெடுத்து நடக்கிறார்கள். இறுதியை நெருங்கும்போது மட்டும் பெண்குரல்கள் முன்னே செல்ல ஆண்குரல்கள் அதையே பின்தொடர்கின்றன. பாடன் ஊர்ப் பையன்கள் பதற்றமின்றிச் செய்யக்கூடிய ஒரே ஒரு ‘வித்தை’யை மிகச் சரியான இடத்தில் வைத்தார் அந்த மேதை. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். இறுதி ஆண்டின் முதிர்ந்த கலையைச் சிற்றூர் ஆசிரியர் ஒருவரின் குழுவுக்கு ஈந்தவர் இசையைக் கீழே இறக்கினாரா? நம் அன்பர் விடை கூறட்டும்.

தாமஸ் டாலிஸ் என்பார் 16ஆம் நூற்றாண்டின் ஆங்கில இசைப் பேராசான். நாற்பது குரல்கள் நாற்பது வழிகளில் செல்லும் ஒரு பாடலை எழுதி உலகை வியக்கவைத்தவர். அவரே, ஏறத்தாழ 1567இல், பேராயர் பார்க்கரின் சங்கீத நூலுக்கென ஒன்பது சிறு மெட்டுகளை எழுதினார். அவற்றுள் ஒன்றில், ஒரு குரல் பாடிச் செல்லும் மெட்டையே மற்றொரு குரல் சற்றுத் தள்ளி அப்படியே பின்பற்றுகிறது. ஒரு மெட்டைக் கற்றால் இரு பகுதிகளைக் கற்றாயிற்று! மற்றொரு மெட்டு, 1906இல் ‘இங்கிலீஷ் ஹிம்னல்’ என்னும் பாட்டுநூலைப் பதிப்பித்துக்கொண்டிருந்த ரால்ஃப் வான் வில்லியம்ஸின் நெஞ்சைக் கவர்ந்து, 1910இல் அவருடைய புகழ்பெற்ற நரம்பிசைப் படைப்புக்குக் கருவாயிற்று. எளிய மெட்டு என்று எள்ளப்படுவது முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கருவாகும் உயிர்ப்போடு இருந்தது. அந்த வான் வில்லியம்ஸே தம் பாட்டுநூலில், சாதாரண மக்கள் வாய்திறந்து பாட வேண்டுமே என்று மெட்டுகளின் சுருதியைக் கூடுமானவரை தாழ்த்தி வைத்தார். தாழ்த்தியது சுருதியை; தரத்தை அன்று.

இதற்கும் முற்பட்ட ஒரு செய்தி. லூத்தரின் நண்பர் யோஹான் வால்ட்டர் 1524இல் வெளியிட்ட பாட்டுநூலில், பெரும்பாலான பாடல்களில் மெட்டு டெனர் குரலில், நடுவே ஒளிந்திருந்தது. சுற்றிலும் பிற குரல்கள் பின்னலிட்டன. தேர்ந்த குழுவுக்கு அஃது இன்பம். ஆலயத்தில் அமர்ந்திருப்போர்க்கோ தம் மெட்டு எங்கே போயிற்று என்ற திகைப்பு. 1586இல் லூக்காஸ் ஓசியாண்டர் என்பவர் ஐம்பது பாடல்களை நான்கு குரல்களில் வெளியிட்டபோது மெட்டை மேற்குரலுக்கு உயர்த்தினார். ஏனைய குரல்கள் சுரத்துக்குச் சுரம் அதனோடு நடக்கும்படி அமைத்தார். குழுவும் பாடியது, சபையும் உடன்பாடியது. இன்று உலகெங்கும் ஞானப்பாட்டு என்றால் நம் காதில் ஒலிக்கும் அமைப்பு அதுவே. ஓர் இசைவடிவமே, பயிற்சியற்றவர்பால் கொண்ட அக்கறையிலிருந்து பிறந்திருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதனை ஆணையாகவே எழுதி வைத்துள்ளது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டின் ஆறாம் இயல், பெரிய குழுக்கள் மட்டுமே பாடக் கூடியவற்றோடு நின்றுவிடாமல் சிறு குழுக்களின் தேவைக்கும், கூடியிருக்கும் மக்கள் அனைவரின் பங்கேற்புக்கும் எழுதுமாறு இசையமைப்பாளரைப் பணிக்கிறது. அதன் பின்னர்த் தமிழில் மக்கள் பாடும் திருப்பலிப் பாடல்கள் ஏராளமாக எழுந்தன, அவை வாழ்க. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை ஒரே குரலில் எல்லாரும் பாடுவன. சிறு குழு ஒன்று தனக்கே உரிய பங்கை ஏற்று, இரண்டு மூன்று குரல்களில் பாடத்தக்க தமிழ்ப் படைப்பு எங்கே என்று தேடினால், நான் அறிந்த அளவில் கை நிறையக் கிடைப்பதில்லை.

நமக்கு முன்னோடிகள் இல்லாமற் போகவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்துவின் கதையைக் குறவஞ்சியாகப் பாடினார். ஏன் குறவஞ்சி? ஊரார் செவி அதற்குப் பழகியிருந்தது. பல்லவியைக் கூட்டம் பிடித்துக்கொள்ள, சரணத்தை வல்லவர் பாட, கற்றாரும் கல்லாதாரும் ஒரே பாட்டுக்குள் தத்தம் இடத்தைப் பெறும் கீர்த்தனை வடிவம் தமிழ்த் திருச்சபைக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அத்தமிழ்ப் பாடல்களை ஆலயத்திலிருந்து ஒதுக்க முற்பட்ட புதிய மிஷனரிமாரோடு சாஸ்திரியார் கடுமையாக வழக்காடினார். (அதே வழக்கில் சாதிவாரியாக அமரும் வழக்கத்துக்கும் அவர் பரிந்து பேசினார் என்பதை மறைத்துப் புகழ்வது முறையன்று. அப்பகுதியை நாம் ஏற்பதற்கில்லை.) பின்னர் அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) கிறிஸ்தவக் கீர்த்தனைகளையும் இயற்றினார், 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசைப் பெருநூலையும் தந்தார். இவ்வளவு முதலை வைத்துக்கொண்டு நாம் கடன்வாங்கி உண்கிறோம்.

கடன் வாங்குவதில் தவறில்லை. கடன்வாங்கிய சட்டைக்குள் உடலை முறித்துத் திணிப்பதுதான் தவறு. அயல்மொழி மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லை ஏற்றும்போது நேரும் கொடுமைகளை யாப்பு அறிந்தோர் எளிதில் உணர்வர். சொல் ஓரிடத்தில் முடிய, இசையின் அடி மற்றோரிடத்தில் முடிகிறது. செய்யுளில் இதனை வகையுளி என்று கூறிக் குறை காண்போம். ஆலயத்திலோ அதற்கு எழுந்து நின்று மரியாதை செய்கிறோம். இதனினும் பெரிது குறில் நெடில் மயக்கம். ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற அசை நீள்வது இயல்பு. தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே வேறாகிவிடும். மனம் மானமாகும், கொடு கோடாகும், வரம் வாரமாகும். நம் கச்சேரிப் பாடகரும் குறிலை நீட்டுவதுண்டே எனின், ஆம், உண்டு. அங்கும் அது குறையே. ஆயினும் அங்குப் பாடுவோர் ஒருவர். சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டே விரிக்கிறார். குழுப்பாடலில் பதினான்கு பேர் ஒருமிக்க நீட்டும்போது ‘வாரம்’ என்பது ஐயத்துக்கு இடமின்றி வாரமாகவே ஒலிக்கிறது.

இது வெறும் இலக்கணப் பூசல் அன்று. எங்கள் குழுவில் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த சிறுமி ஒருத்தி இருக்கிறாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து அறியாள். ரோமன் எழுத்தில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு பாடுகிறாள். அத்தாளில் வரத்துக்கும் வாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, ஒரே எழுத்துகள். ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் அவள் என்னைக் கேட்டாள்: “அங்கிள், வாரம்னா வீக்தானே? கடவுள்கிட்ட எதுக்கு வீக் கேக்கிறோம்?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்குழந்தைக்கு மெட்டுத்தான் அகராதி. எந்த எழுத்து குறுகும், எந்த எழுத்து நீளும், எந்தச் சொல் எங்கே முடியும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு எவரும் இல்லை. அந்த அகராதியைப் பிழைமலிய அச்சிட்டு அவள் கையில் கொடுத்திருக்கிறோம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம் மொழியைக் காக்கப் பட்டிமன்றம் நடத்துகிறோம். வாரந்தோறும் ஒருமணி நேரம் குழந்தையின் நாவில் தமிழ் நடமாடும் இடத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான்கு குரல் இசைவு தமிழ் இராகத்துக்கு ஒத்துவருமா என்பது அடுத்த வினா. இதில் இருதரப்பும் மிகையாகப் பேசுகின்றன. சங்கராபரணம் மேனாட்டுப் பெரும்பண்ணோடு சுரத்தளவில் ஒன்றே. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தபோது அவ்விராகத்தைக் கொண்டதும் அதனாலேயே. அதிலும் அரிகாம்போதியிலும் குரல்களை அடுக்குவது அரிதன்று. தோடியையோ மாயாமாளவகௌளையையோ எடுத்து அடிதோறும் மூன்று நான்கு முறை சுரக்கூட்டை மாற்றினால், கமகம் நசுங்கிச் சாகும். இதற்கு விடை இசைவைத் துறப்பதன்று. தம்புராவை மனிதக் குரலில் எழுதலாமே! ஆண்கள் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மாறிமாறி நிறுத்திப் பிடிக்கட்டும். மேலே பெண்குரல் இராகத்தைப் பாடட்டும். அடி முடியும் இடத்தில் மட்டும் இரண்டாம் குரல் ஒன்று வந்து கூடட்டும். எங்கள் ரயில்வேப் பெரியவரின் குரல் அந்தச் சட்ஜத்தில் கோயில் மணியின் நாதம்போல் நிற்கும். அவருக்குத் தேவை நான்கைந்து சுரங்கள். அந்த நான்கைந்தை அவருக்கு எழுதிக்கொடுக்க எவரும் முன்வரவில்லை; முப்பது ஆண்டுகளாக அவரை ஹேண்டலின் படிகளில் ஏறி இறங்க வைத்தோம்.

கர்நாடக இராகங்களையும் பற்றிக்கொண்டு தொங்க வேண்டா என்று கூறியவர் ஒருவர் உண்டு. மதுரை அரசரடி இறையியற் கல்லூரியில் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). பறட்டை என்னும் பெயராலும் அறியப்பட்டவர். கீர்த்தனை மரபும் மேட்டுக்குடியின் சாயல் படிந்ததே என்பது அவர் வாதம். நாட்டுப்புற மெட்டே உழைக்கும் மக்கள் கைக்கொண்டு, தம் போக்கில் மாற்றி, தமதாக்கிக்கொள்ளத் தக்கது என்று அவர் கொண்டார். அதில் வழிபாட்டுப் பாடல்களும் இயற்றினார். அவர் முடிபு அனைத்தும் எனக்கு உடன்பாடு அன்று. கீர்த்தனையும் கிராமத்துப் பாட்டிகளின் வாயில் வாழ்ந்திருக்கிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அவர் இட்ட அளவுகோலை மறுக்க என்னால் இயலாது: பாட்டின் தகுதியை அதைப் பாடவேண்டியவர்கள் பக்கம் நின்று அளக்க வேண்டும்.

அப்பக்கம் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? எங்கள் குழுவையே காட்டுகிறேன். பெண்கள் ஒன்பது பேர். அவருள் மூவர் மருத்துவமனைச் செவிலியர், இரவுப்பணி முடித்து உறங்காமல் வருவோர். ஆண்கள் ஐவர், அவருள் உண்மையான டெனர் எவரும் இலர், உண்மையான பாஸ் ஒருவரே. ஒத்திகை சனிக்கிழமை மாலை ஒருமணி நேரம். போக்குவரத்து நெரிசல் அதில் கால்மணியை விழுங்கும். இக்கணக்கு பெரும்பாலான சிறு சபைகளின் கணக்கேயாகும். இத்தகையோர்க்கு எழுதுவோன் ஆண்களை இரண்டாகப் பிளக்கக் கூடாது; ஐவரும் சேர்ந்து பாட ஒரே பகுதி, அதுவும் ஒன்பது சுரத்துக்குள் அடங்குவதாக எழுத வேண்டும். ஒரு குரல் நுழைய வேண்டிய சுரத்தை, முந்திய குரல் அப்போதுதான் விட்டுச் சென்றிருக்க வேண்டும். இருட்டில் படி தேடுபவனுக்கு விளக்குக் காட்டுவதுபோல. கடினமான இடம் ஒன்று இருக்கலாம், இருக்கவும் வேண்டும். குழு தன் திறமையைத் தானே வியக்க ஓர் இடம் வேண்டுமன்றோ! ஆனால் அது ஒன்றே ஒன்றாக, திரும்பத் திரும்ப வருவதாக இருக்கட்டும். ஒருமுறை கற்றால் நான்கு முறை பயன்படும். மூச்சு வாங்கும் இடம் சொல் முடியும் இடமாகவே இருக்க வேண்டும். ஆர்கன் வாசிப்பவர் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் பாட்டு நிற்காமல் நடக்க வேண்டும். இத்தனை விலங்குகளைப் பூட்டிக்கொண்டு அழகு செய்வதற்கு எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்பதை வெண்பா எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள். இருநூறு பேர் கொண்ட குழுவும் முழு வாத்தியக் கோஷ்டியும் கையிலிருந்தால் வெறுமையைச் சத்தத்தால் மூடலாம். பதினான்கு பேரிடம் மூடுவதற்குப் போர்வை இல்லை.

பிரான்ஸின் புர்கோஞ் நாட்டிலுள்ள தெய்சே என்னும் சிற்றூர்த் துறவியர் இல்லத்துக்குப் பல நாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கில் வந்து வாரக்கணக்கில் தங்கிச் செல்கின்றனர். மொழி வேறு, பயிற்சி வேறு. அவர்களுக்கென எழுதப் புகுந்த ஜாக் பெர்த்தியே (1923–1994), பாரிஸ் நகர ஆலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்த தேர்ந்த இசைஞர். ஓரிரண்டு அடியே கொண்ட சிறு பாடல்களை மீண்டும் மீண்டும் பாடும்படி அமைத்தார். அடியில் கூட்டம் அதையே சுழன்று பாட, மேலே தேர்ந்த குரலோ கருவியோ புதுப்புது இழைகளைப் பின்னிச் செல்லும். வல்லவன் சலிப்படைவதில்லை, வலியிலான் அஞ்சுவதில்லை. பல்லவியும் பின்பாட்டும் பஜனையும் அறிந்த நமக்கு இதில் புதுமை என்ன? அவர் செய்தார், நாம் செய்யவில்லை என்பது ஒன்றே புதுமை.

எளிமை என்ற பெயரில் நடமாடும் போலியையும் இங்கே விட்டுவிடக் கூடாது. திரைப்பட மெட்டில் பெயரை மட்டும் மாற்றி ஏற்றுவதும், பொத்தானை அழுத்தினால் தாளமும் சுரக்கூட்டும் தாமே கொட்டும் கீபோர்டுக்குப் பின்னால் குழுவை ஒளித்து வைப்பதும், ஆயத்த ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒலிபெருக்கி முன் வாயசைப்பதும் எளிமை அல்ல. அவை பாடுவோனை வேண்டாதவனாக்கும் வழிகள். கடினமானதைக் கொடுத்து ஒருவனை விரட்டலாம். ‘நீ இல்லாமலே நடக்கும்’ என்று காட்டியும் விரட்டலாம். முதல் வகையினர் எங்கள் பெரியவரைக் கீழே அனுப்பினர். இரண்டாம் வகையினர் அவர் இருந்த நாற்காலியையே எடுத்துவிட்டு அங்கே ஒலிபெருக்கியை வைப்பர். எளிய பாட்டு என்பது ஒவ்வொரு குரலும் தேவைப்படும் பாட்டு. ஒருவர் வராவிடில் வெற்றிடம் கேட்க வேண்டும். வந்தால் அவரால் செய்ய இயல வேண்டும்.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் கவிதைக்கும் கட்டுரைக்கும் சிறுகதைக்கும் போட்டி வைக்கின்றன. இசையமைப்புக்கும் ஒன்று வைக்கட்டும் என்பது என் வேண்டுகோள். கிறிஸ்தவப் பாடல்தான் என்றில்லை. மார்கழி விடியலில் குளிரில் நடுங்கிக்கொண்டு திருப்பாவை பாடும் நம் பெண்கள் குழுக்களுக்கும் இதே தேவை உண்டு. நிபந்தனைகள் சிலவே. சொல் தமிழாக, குறில் குறிலாக இருக்க வேண்டும். பெண்குரல் இரண்டு, ஆண்குரல் ஒன்று. நான்கு சனிக்கிழமைகளில், சனிக்கிழமைக்கு முக்கால்மணி வீதம், கற்று முடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். நடுவர்களுள் ஒருவராக இசைவாணர் எவரையும் அமர்த்துங்கள், அந்த வாயிற்படி அன்பரையே அமர்த்தினும் எனக்குத் தடையில்லை. மற்ற இருவரை நான் முன்மொழிகிறேன்: ஒருவர் அந்த ரயில்வேப் பெரியவர், மற்றவர் வாரம் என்றால் என்னவென்று கேட்ட அச்சிறுமி.